ஜே.கே. (பாலர் வகுப்பு) போகும் பிள்ளையும் கைக்குழந்தையும்: ரொறன்ரோ இலையுதிர்காலத்தைக் கொண்டுநடத்த முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவில் செப்டெம்பர் தொடங்கும்போது பகல் 13 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நவம்பர் முடியும்போது 9 மணித்தியாலத்தைத்தான் தாண்டும். நாலு வயதுப் பிள்ளை ஒன்றும் ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்றும் உள்ள வீட்டில் இந்தக் கணக்குத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாப்பாடு, நித்திரை, உடுப்பு, வருத்தம் எல்லாம் இதோடு சேர்ந்தே மாறுகின்றன. நான் கண்ட வரையில், இந்த மூன்று மாதமும் வீடு ஒழுங்காக ஓட ஒரு விஷயம் போதும். ஒவ்வொரு நாளும் வெளிச்சம் இருக்கும்போது இரண்டு பிள்ளைகளும் வெளியே போய்வர வேண்டும். மிச்ச வேலைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள். "குளிருக்குள்ளே பிள்ளையைக் கொண்டுபோகாதே" என்று அம்மம்மா சொல்வார், அன்பில்தான் சொல்கிறார். ஆனால் தடிமன் கிருமியால் வருகிறது, பூட்டிய அறைக்குள் அது இன்னும் லேசாகப் பரவுகிறது.

படி 1: பள்ளிக்கூடம் தொடங்க முன் உடுப்பை முடியுங்கள்

ஒன்ராறியோவில் டிசம்பர் 31க்குள் 4 வயதாகும் பிள்ளை அந்த வருடம் செப்டெம்பரிலேயே ஜே.கே., அதாவது ஜூனியர் கிண்டர்கார்டன் போகலாம். டிசம்பரில் பிறந்த பிள்ளை நாலு வயதுகூட நிரம்பாமல் முழுநாள் வகுப்புக்குப் போகும். வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மழை தூறினாலும் வெளியே விளையாட விடுவார்கள். ஆகவே எந்தக் கடையில் எந்த ஜக்கெற் வடிவு என்று பார்ப்பதை விட, பிள்ளை தானாகவே போடக்கூடியதா என்று பாருங்கள்.

தேவையானவை அதிகம் இல்லை. தண்ணீர் புகாத மெல்லிய ஜக்கெற், அதற்குள் போட ஒரு பிளீஸ் (மெத்தென்ற சூட்டுச் சட்டை), மழைக் காற்சட்டை, றப்பர் பூட்ஸ், பள்ளிக்கூடத்துக்குள் போட வேறு சப்பாத்து ஒரு சோடி, பையில் வைக்க ஒரு மாற்றுடுப்பு. கழுத்துக்குச் சால்வை வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டிக்கொள்ளும். தலைவழியாகப் போடும் கழுத்துப்பட்டி நல்லது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையும் வேண்டாம், நாலு வயதுக்கு அது பெரும்பாடு. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், இரண்டு கையுறையிலும் எழுதுங்கள். இந்த வயது உடுப்பு ஒரு பருவத்துக்குத்தான் அளவாக இருக்கும் என்பதால் பழைய உடுப்புக் கடைகளை முதலில் பாருங்கள். செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நல்லதெல்லாம் போய்விடும்.

ஜக்கெற் போடும் முறையை வீட்டில் பழக்குங்கள். ஜக்கெற்றைத் தரையில் விரித்து, உட்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்விரல்களுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, அப்படியே தூக்கித் தலைக்கு மேலால் பின்னுக்கு வீச வேண்டும். ஜக்கெற் சரியாக முதுகில் வந்து விழும். முதல் தடவை தலைக்கு மேலே சிக்கி நிற்கும், பிள்ளை சிரிக்கும், மறுபடி செய்யும். சிப்பின் அடியை மாட்டுவதுதான் கடைசியாக வரும் திறமை. அதுவரை சிப்பின் நுனியில் ஒரு தடித்த நாடாவைக் கட்டிவிடுங்கள், சின்ன விரல் பிடிக்க வசதி. பூட்ஸ் இடம் வலம் மாறாமல் இருக்க ஒரு ஸ்ரிக்கரை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாக உள்ளே ஒட்டுங்கள். படம் சேர்ந்தால் கால் சரி.

உடுத்தும் வரிசையும் முக்கியம்: முதலில் காற்சட்டை, பிறகு பூட்ஸ், ஜக்கெற், தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முன்னுக்குப் போட்டால் மிச்ச எல்லாவற்றையும் நீங்கள்தான் போட்டுவிட வேண்டும்.

படி 2: சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் பழக்குங்கள்

சாப்பாடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ருசி காரணமில்லை. மூடியைத் திறக்க முடியாமல் இருக்கும், அல்லது நேரம் போதாமல் இருக்கும். ஆகவே பள்ளிக்கூடம் தொடங்க முன் கொஞ்ச நாளைக்கு வீட்டிலும் அதே பெட்டியில் கொடுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.

சுடுசாப்பாடு கொடுக்கத் தெர்மஸ் பாத்திரம் இருந்தால், முதலில் கொதிதண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதை ஊற்றிவிட்டு ஆவி பறக்கும் சாப்பாட்டை வையுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்குள் ஆறிவிடும். இடியப்பத்தைச் சொதியில் குழைத்து வைத்தால் காயாது. பருப்பும் சோறும் நெய் விட்டுப் பிசைந்தது நன்றாக நிற்கும். புட்டு மட்டும் இறுகிவிடும், அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கச்சான், முந்திரி பல பள்ளிக்கூடங்களில் அனுமதி இல்லை. எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் போன்றவற்றை அனுப்ப முன் ஆசிரியரிடம் கேளுங்கள்.

செப்டெம்பரில் பிள்ளை வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் கத்தி அழும். பகல் முழுக்கக் கட்டுப்பட்டு இருந்துவிட்டு வருகிறது. கேள்விகளை ஒத்திவையுங்கள். பள்ளிக்கூட வாசலிலேயே ஒரு வாழைப்பழம் கொடுங்கள், கூடவே நடவுங்கள். "இண்டைக்கு என்ன செய்தனீ?" என்ற கேள்விக்குக் குளிக்கும்போதுதான் பதில் வரும்.

படி 3: காலையை முதல் நாள் இரவே செய்துவிடுங்கள்

இரவு பிள்ளைகள் படுத்த பிறகு கால் மணித்தியாலம். நாளைய உடுப்பைக் காலுறை வரை ஒரு கதிரையில் வையுங்கள். வானிலையைப் பார்த்துவிட்டு வையுங்கள். ஒக்டோபரில் காலை 3 பாகையும் பின்னேரம் 16 பாகையும் ஒரே நாளில் வரும். குழந்தையின் பையில் டயப்பர், துடைப்பான், மாற்றுடுப்பு. ஸ்ரோலர் வாசலில்.

காலையில் உடுத்தும் ஒழுங்கில்தான் பலர் சிக்குகிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்து, டயப்பர் மாற்றி, மெல்லிய உடுப்போடு தரையில் விடுங்கள். பிறகு பெரிய பிள்ளை. பிறகு நீங்கள், சப்பாத்து வரைக்கும். குழந்தைக்கு வெளியுடுப்பு கடைசி, கதவைத் திறக்க முன். வீட்டுச் சூட்டுக்குள் தடித்த உடுப்போடு குழந்தை வியர்க்கும். வியர்த்த உடம்போடு வெளியே போனால்தான் அதற்குக் குளிரும், அழுகையும் அங்கேதான் தொடங்கும். வெளியே எங்களுக்கு எத்தனை அடுக்கோ அதற்கு மேல் ஓர் அடுக்கு குழந்தைக்குப் போதும். கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடித்த வழி. ஒரு கை பெரியவளுக்கு மிச்சம் இருக்கும், இலை குவிந்த நடைபாதையில் சில்லு சிக்காது. குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும், உங்கள் ஜக்கெற்றை மூக்குக்கு மேலே இழுத்து மூடாதீர்கள். ஸ்ரோலருக்கு மழைமூடி போட்டால் காற்று வரும் வழியைத் திறந்து விடுங்கள். கம்பளித் துணியால் முழுக்க மூடவே வேண்டாம்.

அப்பாமாருக்கு ஒன்று. வேலைக் காப்புறுதியில் கிடைக்கும் பெற்றோர் விடுப்புக் கொடுப்பனவு சாதாரண முறையில் மொத்தம் 40 கிழமை, ஆனால் ஒருவர் ஆகக் கூடியது 35 கிழமைதான் எடுக்கலாம். மிச்ச 5 கிழமை மற்றவர் எடுக்காவிட்டால் வீணாகப் போய்விடும். நீட்டிய முறையில் 69 கிழமை, ஒருவருக்கு 61. அந்தக் கிழமைகளைச் செப்டெம்பரில் எடுங்கள். மூத்த பிள்ளை புதுப் பள்ளிக்கூடம் போகும் மாதத்தில் இன்னொரு சோடிக் கை வீட்டில் இருப்பதன் பெறுமதி வேறு எந்த மாதத்திலும் வராது.

படி 4: கார் சீற்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். தடித்த ஜக்கெற்றோடு பட்டியைப் பூட்டினால் அது இறுகியதுபோலத் தெரியும். மோதலில் உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கி, பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் வெளி வந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். ஜக்கெற்றோடு பூட்டி இறுக்குங்கள், பட்டியைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுங்கள், ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுத் திரும்ப இருத்திப் பூட்டுங்கள். எவ்வளவு தொங்குகிறது என்று கண்ணால் காண்பீர்கள். ஆகவே பிளீஸோடு பூட்டி, பட்டிக்கு மேலால் போர்வை. பெரிய பிள்ளைக்குப் பூட்டிய பிறகு ஜக்கெற்றை முன்பக்கமாகக் கையில் மாட்டிவிடலாம்.

ஒன்ராறியோச் சட்டப்படி 9 கிலோ வரை குழந்தை பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். அது ஆகக் குறைந்த அளவு. சீற்றின் நிறை, உயர எல்லை வரும் வரை அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு.

படி 5: பெரியவள் வகுப்பில் இருக்கும் நேரம்

ஏழெட்டு மாதக் குழந்தை விழித்து இரண்டரை மணித்தியாலத்தில் களைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியிலேயே அது நித்திரையாகும். அந்த நித்திரையை வீட்டுக்குக் கொண்டுவர அவதிப்படாமல் இன்னும் அரை மணித்தியாலம் நடவுங்கள், உங்களுக்கும் வெளிச்சம் வேண்டும். விழித்த பிறகு பக்கத்து ஏர்லிஒன் (EarlyON) நிலையத்துக்குப் போகலாம், சின்னப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து விளையாடும் இடம். பிறந்ததிலிருந்து 6 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம், அம்மம்மா அப்பப்பாவும் கூட்டிப்போகலாம். ஸ்காபரோவில் அங்கே போனால் தமிழ் கதைக்க ஆள் கிடைக்கும். பொது நூலகக் கிளைகளில் குழந்தைகளுக்கான கதைநேரமும் உண்டு.

6 மாதம் கடந்த குழந்தைக்கு இந்தப் பருவத்துச் சந்தை நல்ல சந்தை. பூசணி, பட்டர்நட் பூசணி, வத்தாளங்கிழங்கு, பெயர்ஸ், அப்பிள். ஆனால் முதலில் இரும்புச் சத்துள்ள சாப்பாட்டைக் கொடுங்கள்: இறைச்சி, முட்டை, பருப்பு, இரும்பு சேர்த்த தானியக் கஞ்சி. பூசணி தனியே வயிற்றை நிரப்பிவிடும், இரும்பைத் தராது. மைசூர்ப் பருப்பை நன்றாக அவித்து, பூசணித் துண்டும் சேர்த்து மசித்து, துளி நெய் விட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் காரியம் முடியும். குழந்தையின் பங்கை எடுத்த பிறகு மிச்சத்துக்கு உப்பும் தாளிதமும் போடுங்கள். அப்பிளைப் பச்சையாகத் துண்டு கொடுக்கக் கூடாது, அவித்தோ துருவியோ கொடுங்கள். திராட்சைப்பழத்தை நீட்டுக்கு நாலாக வெட்டுங்கள், பெரியவளுக்கும்தான். ஹலோவீனுக்கு விற்கும் பெரிய பூசணி வெட்டி விளக்கு வைக்கத்தான் சரி, கறிக்குச் சிறிய இனிப்புப் பூசணியை வாங்குங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு விற்றமின் டி சொட்டு ஒவ்வொரு நாளும் 400 அலகு கொடுக்கும்படி கனடாவில் சொல்கிறார்கள். வெயில் குறையும் மாதங்களில் இதை மறக்காமல் இருக்க, சொட்டுப் போத்தலைப் பல்துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் வையுங்கள். கச்சான் வெண்ணெயைத் தண்ணீராகக் கரைத்து ஆறு மாதமளவில் பழக்குவது ஒவ்வாமையைத் தவிர்க்க உதவும். கடும் எக்சிமா உள்ள குழந்தை என்றால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். பெரியவள் கச்சான் இல்லாத பள்ளிக்கூடம் போகிறாள் என்பதால் எங்கள் வீட்டில் அதைப் பின்னேரம் கொடுத்து, இருவருக்கும் கையும் வாயும் கழுவிவிடுவோம்.

படி 6: பள்ளிக்கூடம் விட்டு இருட்டும் வரை

நாளின் முக்கியமான நேரம் இதுதான். வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வெளிக்கிடலாம் என்று நினைக்காதீர்கள். ஜக்கெற்றைக் கழற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலில் இருந்தே பூங்காவுக்குப் போங்கள். சாப்பிட ஏதாவதும் தண்ணீர் புகாத ஒரு சின்ன விரிப்பும் ஸ்ரோலருக்குக் கீழே இருந்தால் போதும்.

மேப்பிள் இலைகள் ஒக்டோபர் நடுவில் சிவக்கும், ஓக் பிந்தித்தான் பழுக்கும். பெரியவளுக்கு வேலை கொடுங்கள்: ஒரே மரத்தின் பச்சை, மஞ்சள், சிவப்பு, மண்ணிற இலைகளைத் தேடி வரிசையாக அடுக்குவது. குழந்தையை விரிப்பில் இருத்திக் காய்ந்த இலை ஒன்றை அதன் காதுக்குக் கிட்ட நொருக்கிக் காட்டுங்கள். சத்தத்துக்குக் கண்ணை விரித்து உங்கள் கையைப் பார்க்கும், பிறகு இலையை நேரே வாய்க்குக் கொண்டுபோகும். இலைத் துண்டை விரலால் எடுத்துவிடலாம். ஓக் கொட்டை மட்டும் ஆபத்து, தொண்டையில் அடைக்கும் அளவு. விரிப்பைப் போட முன் சுற்றிவரப் பொறுக்கிவிடுங்கள். இலைக் குவியலில் பாய முன் ஒரு தடியால் கிளறிப் பார்ப்பதும் நல்லது.

ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்கள் உண்ணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். லைம் நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணி, வெப்பம் 4 பாகைக்கு மேல் இருக்கும் வரை, நவம்பரிலும் நடமாடும். காலுறைக்குள் காற்சட்டையை விடுங்கள். வீட்டுக்கு வந்து குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள், கக்கம், தொப்புள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள், திருகவோ சுடவோ வேண்டாம். கடித்த திகதியைக் குறித்துக்கொண்டு வைத்தியரைக் கேளுங்கள். போட்ட உடுப்பை உலர்த்தியில் கூடிய சூட்டில் பத்து நிமிடம் போட்டால் மிச்சமும் செத்துவிடும்.

படி 7: தடிமன் வரும், ஆயத்தமாக இருங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் எட்டுப் பத்துத் தடவை தடிமன் வருவது வழமை. ஜே.கே. போகும் முதல் இலையுதிர்காலத்தில் மூக்கு காயவே காயாது போல இருக்கும். மூத்தவள் கொண்டுவருவது இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கும் வரும். முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். வந்தவுடன் கையைக் கழுவி, மேற்சட்டையை மாற்றி, பிறகுதான் தம்பியைத் தொடலாம். முகத்தில் கொஞ்சாமல் காலில் கொஞ்சச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை விருப்பமாகச் செய்வார்கள்.

காய்ச்சல் தடுப்பூசி, அதாவது ஃபுளூ ஊசி, 6 மாதத்திலிருந்து போடலாம். முதல் தடவை போடும் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, ஆகக் குறைந்தது 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஒக்டோபர் கடைசியிலேயே தொடங்கினால்தான் இரண்டாவது டிசம்பருக்குள் முடியும். கைக்குழந்தைக்குக் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள், அதே நாளில், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கான ஊசி பற்றியும் கேளுங்கள்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விட்டு, பால் கொடுக்க முன் உறிஞ்சி எடுங்கள். கடையில் விற்கும் இருமல் பாணிகள் 6 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுறுத்தல். பெரியவளுக்குப் படுக்கைக்கு முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், இளஞ்சூட்டுக் கொத்தமல்லித் தண்ணீரும் சரி. ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு துளியும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. விக்ஸ் இரண்டு வயது வரை வேண்டாம். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது ஊரில் திண்ணையும் திறந்த யன்னலும் உள்ள வீட்டுக்குச் சரி. இங்கே எல்லாம் பூட்டி ஹீற்றர் ஓடும் வீட்டில் அந்தப் புகை குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். அம்மம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லி, தலை துடைக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம். எந்த வயதிலும், மூச்சு வேகமாகி விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், பால் குடிக்க மறுத்தால், டயப்பர் நனையாமல் மணித்தியாலக் கணக்காய் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். உதடு நீலமானால் 911. சந்தேகம் என்றால் 811க்கு அடியுங்கள், இரவு பகலாகத் தாதி ஒருவர் பேசுவார், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

படி 8: வீட்டை மூடும்போது

ஹீற்றர் போட முன் வடிகட்டியை மாற்றுங்கள். வாடகை வீடென்றால், குளிர்காலத்தில் 21 பாகை வெப்பம் தருவது ரொறன்ரோவில் வீட்டுக்காரரின் கடமை. தராவிட்டால் நகரசபையின் 311 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கார்பன் மொனொக்சைட் அலாரத்தை அழுத்திப் பாருங்கள், பேஸ்மென்றில் இருப்பவர்கள் கட்டாயம்.

காற்று காய்ந்து பிள்ளைகளின் கன்னமும் முழங்கை மடிப்பும் சொரசொரக்கும். குளிப்பைச் சுருக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வார்த்து, ஈரம் ஒற்றியவுடனே வாசனை இல்லாத கிரீம் பூசுங்கள்.

இரவில் குழந்தைக்குக் குளிரும் என்று போர்வை போடாதீர்கள். தன் தொட்டிலில், மல்லாக்க, தலையணையும் பொம்மையும் இல்லாமல்; சூட்டுக்குக் கையில்லாத உறக்கப் பை. வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், குழந்தை சூட்டை வெளியேற்றுவது தலையால்.

படி 9: பண்டிகைகள்

விஜயதசமிக்கு ஏடு தொடக்கக் கோயிலுக்குப் போனால் சப்பாத்து கழற்றும் இடத்தில் நெரிசல். குழந்தையைக் கட்டிக்கொண்டு போங்கள், தடித்த காலுறை இருவருக்கும். தீபாவளி வேலை நாளில் வந்தால் விளக்கைத் தவழும் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

ஹலோவீனுக்கு ஜக்கெற்றுக்கு மேலால் போடக்கூடிய உடையாக ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். முகமூடி வேண்டாம், முகத்தில் வர்ணம் போதும். ஒக்டோபர் 31 அன்று சூரியன் மாலை ஆறு மணி கடந்தவுடன் மறையும், ஐந்தரைக்கே வெளிக்கிட்டு ஒரு தெருவோடு நிறுத்துங்கள். இனிப்புப் பையை மேசைக்கு மேலே கொட்டிப் பிரியுங்கள், தரையில் வேண்டாம்.

படி 10: மணி மாறும் கிழமை

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். குழந்தைக்கு அது தெரியாது, ஆறு மணிக்கு எழும்புவது ஐந்துக்கு எழும்பும். புதன் இரவிலிருந்து ஒவ்வொரு நாளும் படுக்கையைக் கால் மணித்தியாலம் பிந்திப் போடுங்கள், சாப்பாட்டையும் குளிப்பையும் சேர்த்து. சனி இரவு ஒரு மணித்தியாலம் நகர்ந்திருக்கும். ஞாயிறு முதல் சில நாள் ஐந்து மணிக்கு எழும்பினால் வெளிச்சம் போடாமல், கதைக்காமல், அறையிலேயே இருங்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கே இருட்டு. இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு நேரே பூங்கா என்பது இப்போது முக்கால் மணித்தியாலமாகச் சுருங்கும், ஆனாலும் போங்கள். ஸ்ரோலரிலும் பிள்ளையின் முதுகிலும் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டுங்கள். இந்தக் கிழமைகளில் தாய்மாருக்கு மனம் இறங்கும். இரண்டு கிழமைக்கு மேல் அழுகையோ வெறுமையோ நீடித்தால், குழந்தைக்கு எத்தனை மாதமானாலும், குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகான மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போதும் வரலாம், அதற்கு மருத்துவம் இருக்கிறது.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை பனியுடுப்பை எடுத்து இரண்டு பேருக்கும் போட்டுப் பாருங்கள். பூட்ஸுக்குள் தடித்த காலுறையோடு விரல் அசைய இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அளவு போதாவிட்டால் கடையில் இன்னும் கிடைக்கும். முதல் பனி விழுந்த பிறகு போனால் உங்களுக்கு வேண்டிய அளவு பூட்ஸ் இருக்காது.